செல்போன் சொன்ன யூரியா

(உழவர்களுக்காக வானொலியில் பேசிய பேச்சு)



வழக்கமாக நான் பேச வந்தால் நாற்றங்கால், அடியுரம், வாழைக்கு முட்டுக் கொடுப்பது என்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்வேன். இன்றைக்கு எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் கொஞ்சம் புதிது. செல்போனில் நாம் ஒரு கேள்வியைக் கேட்டுத் தேடுகிறோம் அல்லவா? சில வருஷங்களுக்கு முன்புவரை அது, "இன்ன இன்ன இடத்தில் போய்ப் பார்" என்று விலாசங்களை வரிசையாகக் காட்டும். போய்ப் படித்து முடிவு செய்வது நம் வேலை. இப்போது அப்படியில்லை. எந்திரமே பதிலைத் தயார் செய்து, கோர்வையாக நமக்குச் சொல்லிவிடுகிறது. இதற்குக் காரணம் செயற்கை நுண்ணறிவு. பத்திரிகைகளில் ஏ.ஐ. என்று போடுகிறார்களே, அதுதான்.

"வயல்காரனுக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. ஒரு போக நெல்லே இதில் போயிருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மூட்டை யூரியா

சேரன்மகாதேவிப் பக்கம் ஓர் அண்ணாச்சி. பெயர் வேண்டாம். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டரை ஏக்கர் நஞ்சை. வீட்டம்மா நகையை அடகு வைத்துப் பிசானம் நட்டிருந்தார். நட்டு நாற்பத்தைந்து நாள். மூன்று நாள் அடைமழை பெய்து வெறித்தது. வெறித்த மறுநாள் பார்த்தால் பயிரின் இலை நுனி மஞ்சள் அடித்திருக்கிறது.

அவர் எனக்குத்தான் முதலில் போன் செய்தார். இரண்டு தடவை செய்தார். நான் கூட்டத்தில் இருந்தேன், எடுக்கவில்லை. ராத்திரி பார்த்துவிட்டு, காலையில் பேசிக்கொள்வோம் என்று இருந்துவிட்டேன். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலேஜில் படிக்கிற மகனைக் கூப்பிட்டு, "ஏல, போன்ல கேட்டுப் பாரு" என்றிருக்கிறார். பையன் கேட்ட கேள்வி இவ்வளவுதான்: "நெல் இலை மஞ்சளாகிறது, என்ன செய்ய வேண்டும்?"

பதில் உடனே வந்தது. நல்ல தமிழில் வந்தது. தழைச்சத்துக் குறைந்தால் இலை மஞ்சளாகும், யூரியாவை மேலுரமாக இடலாம் என்று தெளிவாக வந்தது. அதற்குக் கீழே வேறு காரணங்களும் இருக்கலாம் என்று சில வரிகள் இருந்தனவாம். அதைப் பையன் தள்ளிப் பார்க்கவில்லை. விடிந்ததும் இரண்டு மூட்டை யூரியா வயலில் இறங்கிவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தது ஐந்தாம் நாள். வரப்பில் நின்று பார்த்தபோதே எனக்குத் திக்கென்றது. இலையின் ஓரம் நுனியிலிருந்து கீழ்நோக்கி, அலை அலையாக வளைந்து மஞ்சளாகி, நுனி வைக்கோல் நிறத்துக்குக் காய்ந்திருந்தது. "அம்மா, ஒரு கண்ணாடித் தம்ளர்ல நல்ல தண்ணி கொண்டாங்க" என்று அவர் வீட்டில் வாங்கினேன். நோய் பட்ட இலையைக் குறுக்கே வெட்டி, வெட்டிய முனை தண்ணீரில் இருக்கும்படி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் கசிந்தது போல் வெள்ளையாக இழை இழையாக இறங்கியது. அது முழுக்கப் பாக்டீரியா. பாக்டீரியா இலைக்கருகல் நோய். இந்த நோய் கண்ட பயிருக்கு யூரியா போடுவது எரிகிற அடுப்பில் எண்ணெய் விட்ட கதை. தழைச்சத்து அதிகமானால் இந்த நோய் பரவும்.

அந்தப் பிசானத்தில் அவர் களத்துக்கு வந்தது பாதி பதர். தூற்றும்போது நான் பக்கத்தில் நின்றேன். அண்ணாச்சி என்னைக் குறை சொல்லவில்லை. "என்ன சார் செய்ய, அது அவ்வளவு அழகா சொல்லிச்சு" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் இன்றைய பேச்சுக்கு மூலம்.

தேடுபொறி முன்பு செய்த வேலை

இந்த எந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பது புரியும். ஆகவே கொஞ்சம் பின்னால் போவோம்.

உலகம் முழுவதும் உள்ளவர்கள் கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருக்கும் பக்கங்கள் கணக்கில் அடங்காதவை. பல்கலைக்கழகம் எழுதியதும் உண்டு, மருந்துக் கம்பெனி எழுதியதும் உண்டு, வேலையற்றவன் வேடிக்கைக்கு எழுதியதும் உண்டு. தேடுபொறி என்பது இந்தப் பக்கங்களையெல்லாம் ஓயாமல் சுற்றிப் பார்த்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ளும். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் இருக்கிறதே, சர்வே எண்ணைச் சொன்னால் என்ன பயிர், யார் சாகுபடி என்று எடுத்துச் சொல்வாரே, அந்த மாதிரி ஒரு பேரடங்கல்.

ஆனால் ஒரே சொல் லட்சம் பக்கத்தில் இருந்தால் எதை முதலில் காட்டுவது? அமெரிக்காவில் லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரண்டு மாணவர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1998-ல் அவர்கள் தொடங்கியதுதான் கூகுள் கம்பெனி. பின்னால் 2015-ல் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்த சுந்தர் பிச்சை நம் மதுரையில் பிறந்தவர். அவர்கள் கண்ட வழி நமக்குப் புதிதல்ல. மாட்டுச் சந்தையில் எந்தத் தரகரை நம்புவது? நாலு பேர் கைகாட்டுகிற ஆளை நம்புவோம். அந்த நாலு பேரும் நல்ல மதிப்புள்ளவர்களாக இருந்தால் இன்னும் நம்புவோம். அதே மாதிரி, எந்தப் பக்கத்தை மற்றப் பக்கங்கள் அதிகமாகக் கைகாட்டுகின்றனவோ அதை மேலே வைத்தார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த எந்திரம் வழிதான் காட்டியது. நீர்பாய்ச்சி, "இந்த மடைத் தண்ணி கோடகன் கால்வாயிலிருந்து வருது, அந்த மடைத் தண்ணி பாளையங்கால்வாயிலிருந்து வருது" என்று காட்டுவது போல. எந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது நம் கண்ணுக்குத் தெரிந்தது.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

2017-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் எட்டுப் பேர், ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சம்பந்தப்படுகிறது என்பதைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் கற்றுக்கொள்ள ஒரு புது முறையை வெளியிட்டார்கள். அதை வைத்து, கோடிக்கணக்கான பக்கங்களைப் படிக்கவைத்த எந்திரங்கள் உண்டாயின. 2022 நவம்பரில் ஓப்பன் ஏ.ஐ. என்ற கம்பெனி சாட் ஜிபிடி என்பதை வெளியே விட்டது. கேட்டால் மனிதர் மாதிரியே பதில் சொல்லிற்று. உலகமே திரும்பிப் பார்த்தது. கூகுளும் பின்தங்கவில்லை. 2023-ல் சோதனையாகத் தொடங்கி, 2024-ல் தன் தேடுபொறியின் உச்சியிலேயே எந்திரம் எழுதிய பதில் சுருக்கத்தை வைத்துவிட்டது. 2024 ஆகஸ்டில் இது நம் நாட்டில் பரவலாக வந்தது. இப்போது தமிழில் வாயால் கேட்டாலும் பதில் வருகிறது.

இந்த எந்திரம் எப்படிப் பதில் சொல்கிறது? "கார் அறுத்தாச்சு, அடுத்து..." என்று நான் நிறுத்தினால் நீங்கள் "பிசானம்" என்பீர்கள். பலமுறை கேட்ட பழக்கம். எந்திரமும் அதைத்தான் செய்கிறது. முன்னால் வந்த சொற்களைப் பார்த்து, அடுத்து எந்தச் சொல் வரப் பொருத்தம் என்று ஒவ்வொன்றாகக் கணித்துக் கோக்கிறது. தேடுபொறியில் இருக்கும்போது, கேள்விக்கு ஏற்ற சில பக்கங்களை முதலில் எடுத்துவைத்து, அவற்றிலிருந்து சுருக்கி எழுதுகிறது. கெட்டிக்கார வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் சொன்ன "பிசானம்" சேற்றில் கால் வைத்து அறிந்த சொல். எந்திரத்துக்குச் சேறும் தெரியாது, தண்ணீரும் தெரியாது. அது அறிந்தது எழுத்து மட்டும்.

முன்பு மடை மடையாகப் பிரிந்து தெரிந்த தண்ணீரை இப்போது ஒரே குடத்தில் ஊற்றிக் கையில் கொடுக்கிறது. தாகத்துக்குச் சௌகரியம். எந்த மடைத் தண்ணீர் என்று மட்டும் சட்டென்று சொல்ல முடியாது.

நான்கு வகைப் பிழை

இந்தப் பதில்களில் பிழை வரும் இடங்கள் நான்கு. விவசாயிகள் இந்த நான்கையும் மனதில் வைக்க வேண்டும்.

முதலாவது, வேடிக்கையை உண்மை என்று எடுத்துக்கொள்வது. 2024 மே மாதம் அமெரிக்காவில் இது நடந்தது. பீட்சா என்ற பலகாரத்தின் மேல் பாலாடைக்கட்டி ஒட்டாமல் நழுவுகிறதே என்று கேட்டவருக்கு, கொஞ்சம் பசை சேர்க்கலாம் என்று கூகுளின் பதில் சுருக்கம் சொல்லிவிட்டது. பல வருஷங்களுக்கு முன் யாரோ ஒருவர் கேலிக்கு எழுதியதை அது நிஜம் என்று எடுத்துக்கொண்டது. தினம் ஒரு சிறு கல் தின்னலாம் என்றும் ஒரு பதில் வந்தது. அதுவும் ஒரு நையாண்டிப் பத்திரிகையில் வந்த விஷயம். கம்பெனி பிறகு இவற்றைத் திருத்தியது. கல் தின்னச் சொன்னால் நாம் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். ஆனால் தவறான மருந்தை, தவறான அளவைச் சொன்னால் சிரிக்கத் தோன்றாது. ஏனென்றால் அது நம்பும்படியாக இருக்கும்.

இரண்டாவது, பழைய செய்தி. எண்டோசல்பான் மருந்தை 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது. ஆனால் அதற்கு முன் எழுதிய பக்கங்களும் புத்தகங்களும் அழிந்துவிடவில்லை. அவற்றில் அந்த மருந்து சிபாரிசாகவே இருக்கும். எந்திரம் பழைய பக்கத்தை எடுத்தால் பழைய சிபாரிசைச் சொல்லும். அணைத் தண்ணீர் விஷயமும் அப்படித்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் பக்கம் பெய்த மழையை யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. அந்த மாதிரி நேரத்தில் "பாபநாசம் அணையில் எவ்வளவு திறந்திருக்கு?" என்று எந்திரத்தைக் கேட்டுவிட்டு ஆற்றங்கரையில் மாட்டைக் கட்டிப்போடக் கூடாது. அது சொல்வது நேற்றைய கணக்காக இருக்கலாம், போன வருஷக் கணக்காகவும் இருக்கலாம். வெள்ளத்துக்குக் கலெக்டர் அலுவலக அறிவிப்பும் வானிலைத் துறை அறிவிப்பும்தான் கணக்கு.

மூன்றாவது, ஊர் மாறாட்டம். தமிழ்நாட்டில் நெல் என்றால் எழுத்தில் அதிகம் இருப்பது தஞ்சாவூர் டெல்டா. அங்கே குறுவை, சம்பா, தாளடி. இங்கே கார், பிசானம். ஜூனில் தண்ணீர் விட்டால் நமக்குக் கார். வடகிழக்குப் பருவ மழையை ஒட்டிப் பிசானம். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளில், தலைமடையில் ஒரு நாள் வரும், கடைமடையில் ஒரு நாள் வரும். இதையெல்லாம் எந்திரத்திடம் சொல்லாமல் "நெல் எப்போ நடலாம்?" என்று கேட்டால், அது காவிரித் தண்ணீருக்குத் தேதி சொல்லும். நாம் தாமிரபரணித் தண்ணீருக்கு நட்டுவிட்டு முழிக்க வேண்டியதுதான்.

நான்காவது, அளவு மாறாட்டம். துத்தநாக சல்பேட் ஹெக்டேருக்கு 25 கிலோ என்பது சிபாரிசு. ஏக்கருக்கு 10 கிலோதான் வரும். ஒரு ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். எந்திரம் ஹெக்டேர்க் கணக்கைச் சொல்லி, நாம் ஏக்கர்க் கணக்கு என்று எடுத்துக்கொண்டால் இரண்டரை மடங்கு போய்விழும். உரத்துக்கே இப்படி என்றால் பூச்சி மருந்துக்கு என்ன ஆகும்? போதாததற்கு நம் பக்கத்தில் பெரியவர்கள் இன்னும் மரக்கால் விதைப்பாடு, கோட்டை விதைப்பாடு என்று சொல்லுகிறோம். அது எந்திரத்துக்குச் சரியாகப் புரியும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே அளவை எப்போதும் சென்ட், ஏக்கர் என்றே சொல்லிக் கேளுங்கள்.

நல்லதும் உண்டு

இவ்வளவு சொன்னதால் போனைத் தூக்கிக் கிணற்றில் போடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நல்லதையும் சொல்ல வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாயார் வாயால் கேட்டு, காதால் பதில் கேட்கலாம். இது முன்பு இல்லாத வசதி. ராத்திரி பத்து மணிக்கு மேல் என்னை எழுப்ப முடியாது, எந்திரத்தைக் கேட்கலாம். இலையைப் போட்டோ எடுத்துக் காட்டி என்ன நோயாக இருக்கலாம் என்று விசாரிக்கலாம். பிரதம மந்திரி கிசான் திட்டத்தில் வருஷம் 6,000 ரூபாய் மூன்று தவணையாக வருகிறது அல்லவா? அதில் வரும் சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல மத்திய அரசாங்கமே 2023-ல் கிசான் இ-மித்ரா என்ற ஏ.ஐ. உதவியாளரை அமைத்தது. அதில் தமிழும் உண்டு.

அதே அண்ணாச்சி கதைக்கே வருகிறேன். அடுத்த பிசானத்தில் அவர் வயலில் அங்கங்கே திட்டுத் திட்டாகப் பழுப்படித்தது. இந்த முறை அவர் மகனைக் கேட்க விடவில்லை. தானே உட்கார்ந்து கேட்டாராம்: "திருநெல்வேலி மாவட்டம், பிசான நெல், நட்டு அறுபது நாள், தண்ணி கட்டி நிக்குது, வட்டம் வட்டமா காயுது, மேல் இலையில புழு இல்ல. என்னவெல்லாம் காரணமா இருக்கலாம்? எதை எப்படிப் பார்த்துத் தெரிஞ்சுக்கிடணும்?"

எந்திரம் மூன்று காரணம் சொல்லி, முதலில் தூரைப் பிரித்து அடித்தண்டில் பாருங்கள், புகையான் இருக்கலாம் என்றதாம். போய்ப் பிரித்துப் பார்த்தார். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பழுப்புப் பூச்சிகள் அப்பிக்கொண்டிருந்தன. உடனே எனக்குப் போன் வந்தது. இந்த முறை எடுத்தேன். அன்றைக்கே போனேன். ஒரு தூருக்கு எத்தனை கிளைப்பு, எத்தனை பூச்சி என்று எண்ணினோம். கிளைப்புக்கு ஒரு பூச்சிக்கு மேல் இருந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும். சிலந்தி நிறைய இருந்தால் இரண்டு வரை பொறுக்கலாம். தண்ணீரை வடித்தோம். பயிரை விலக்கிக் காற்றும் வெயிலும் அடியில் படும்படி பாதை விட்டோம். செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளைத் தொடவேண்டாம், அடித்தால் புகையான் மறுபடி பெருகும் என்று சொல்லி, தேவையான இடத்துக்கு மட்டும் மருந்து எழுதிக் கொடுத்தேன். பயிர் தப்பியது.

ஒரே ஆள், அதே மாதிரி ஒரு எந்திரம். முதல் முறை கெடுத்தது, இரண்டாம் முறை காத்தது. வித்தியாசம் என்ன? முதல் முறை "என்ன செய்ய?" என்று கேட்டார்கள். இரண்டாம் முறை "எதைப் பார்க்க?" என்று கேட்டார். பார்த்தது அவர் கண். எண்ணியது எங்கள் விரல்.

எப்படிக் கேட்பது?

இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: மாவட்டம், பருவம், ரகம், நட்டு எத்தனை நாள், தண்ணீர் நிலை, போட்ட உரம், அடித்த மருந்து எல்லாவற்றையும் சொல்லிக் கேளுங்கள். அம்பை 16 என்றால் அம்பை 16 என்றே சொல்லுங்கள்.

இரண்டு: மருந்து என்ன என்று முதலில் கேட்காதீர்கள். என்ன காரணமாக இருக்கலாம், ஒன்றிலிருந்து ஒன்றை எப்படிப் பிரித்தறிவது என்று கேளுங்கள். தழைச்சத்துக் குறைவென்றால் அடி இலை, அதாவது வயதான இலை, முதலில் வெளிறும். துத்தநாகக் குறைவென்றால் நட்ட சில வாரங்களில் அடி இலையில் துருப்பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளி விழும். பாக்டீரியா கருகலில் நுனியிலிருந்து ஓரம் அலை அலையாகக் காயும். தம்ளர்ச் சோதனை ஒன்றுக்கும் செலவில்லை. எல்லோரும் செய்யலாம்.

மூன்று: பதிலோடு எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று விலாசம் காட்டும். அதைத் தொட்டுத் திறந்து பாருங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமா, மருந்து விற்கிறவரா என்று தெரிந்துவிடும். தேதியையும் பாருங்கள்.

நான்கு: மருந்தின் பெயரும் அளவும் எந்திரம் சொன்னால், டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டோடு ஒத்துப் பாருங்கள். அந்தச் சீட்டில் உங்கள் பயிரின் பெயர் இல்லையென்றால் அடிக்காதீர்கள்.

ஐந்து: பாங்கி, மானியம், இன்ஷூரன்ஸ் விஷயத்தில் தேடிக் கிடைத்த போன் நம்பரை நம்பி ஆதார் எண்ணையோ ரகசிய எண்ணையோ சொல்லிவிடாதீர்கள். பாஸ் புத்தகத்தில் உள்ள நம்பரைக் கூப்பிடுங்கள். வாட்ஸ்அப்பில் திட்டத்தின் பெயரில் ஏதாவது செயலி வந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

ஆறு: பணம் செலவாகிற, பயிர் போகிற முடிவு எதுவானாலும் ஒரு மனிதரைக் கேட்காமல் செய்யாதீர்கள். கிசான் கால் சென்டர் 2004-லிருந்து நடக்கிறது. 1800-180-1551 என்ற எண்ணில் காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையமும், கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.

ஊற்றுக்கண் தூரக் கூடாது

கடைசியாக ஒரு விஷயம். இது எனக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம்.

1960-களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் தஞ்சாவூர்ப் பக்கம் வேகமாகப் பரவியது. உழவர்கள் அதற்கு வைத்த பெயர் "ரேடியோ நெல்". வானொலியில் கேட்டுப் பயிரிட்டதால் அந்தப் பெயர். ஏன் நம்பினார்கள்? பேசியவருக்குப் பெயர் இருந்தது. ரகத்துக்கு ஆராய்ச்சி நிலையம் இருந்தது. பிழைத்துப்போனால் போய்க் கேட்க ஓர் ஆள் இருந்தார்.

1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் கடல் அலை எவ்வளவு உயரம் எழும் என்ற முன்னறிவிப்பை இன்டர்நெட்டில் எடுத்து, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுத்ததை அந்த ஊர்க்காரர் ஒருவர் பார்த்து, ஊருக்கு ஏற்றபடி சொன்னார். எந்திரத்துக்கும் ஜனங்களுக்கும் நடுவில் ஒரு மனிதர் இருந்தார்.

இப்போது அந்த நடு ஆள் இல்லாமல் போகிறார். அது மட்டுமல்ல. எந்திரம் சுருக்கிச் சொல்லிவிடுவதால், மூலப் பக்கத்தை எழுதியவர்களிடம் யாரும் போவதில்லை. அமெரிக்காவில் பியூ ஆராய்ச்சி மையம் 2025-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. பதில் சுருக்கம் வராத தேடல்களில் 100-க்கு 15 முறை ஜனங்கள் ஏதாவது ஒரு விலாசத்தைத் திறந்து பார்த்தார்கள். சுருக்கம் வந்தால் அது 8 முறையாகக் குறைந்துவிட்டது. அங்கே பத்திரிகை நடத்துகிறவர்கள் கோர்ட்டுக்கே போயிருக்கிறார்கள். படிக்க யாரும் வராவிட்டால் எழுதுகிறவர் எத்தனை நாள் எழுதுவார்? எழுதுகிறவர் நிறுத்திவிட்டால் எந்திரம் எதைப் படித்துப் பதில் சொல்லும்?

பொதிகையில் மழை பெய்வதால்தான் தாமிரபரணி வற்றாமல் ஓடுகிறது. எட்டு அணைக்கட்டும் எத்தனை கால்வாயும் இருந்து என்ன, மலையில் ஊற்று அடைந்துபோனால் மடையில் என்ன வரும்? அறிவு விஷயத்திலும் அப்படித்தான். வயல்தான் மலை. உங்கள் கார், உங்கள் பிசானம், களக்காட்டு ஏத்தன் வாழை, உங்கள் ஊர் மண், எந்தக் காற்றுக்கு எந்தப் பூச்சி வரும் என்ற கணக்கு, இவையெல்லாம் பெரும்பாலும் எழுத்தில் ஏறவில்லை. எழுத்தில் ஏறாதது எந்திரத்துக்குத் தெரியாது. நமக்கு அடுத்த தலைமுறைக்கும் தெரியாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் போடுங்கள். நாற்றுவிட்ட தேதி, தண்ணீர் வந்த தேதி, ரகம், போட்ட உரம், வந்த நோய், அடித்த மருந்து, கண்ட மகசூல், இவ்வளவும் எழுதுங்கள். பிள்ளைகள் எழுதட்டும், நீங்கள் சொல்லுங்கள். செல்போன் சொன்னது சரியாக வந்ததா, தப்பாக வந்ததா என்பதையும் எழுதுங்கள். நான் வரும்போது அந்த நோட்டைக் காட்டுங்கள். அதிலிருந்து நான் கற்றுக்கொள்வேன், அதை மேலே ஆராய்ச்சி நிலையத்துக்குச் சொல்வேன்.

என் பங்குக்கு நானும் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு அண்ணாச்சியின் போனை நான் எடுத்திருந்தால் அந்த யூரியா இறங்கியிருக்காது. ஓர் அலுவலருக்குப் பல கிராமம், ஆயிரம் வேலை என்று காரணம் சொல்லலாம். அது காரணம்தான், சமாதானம் ஆகாது. எந்திரம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பேசினாலும், பயிர் போனால் வந்து களத்தில் நிற்காது. நிற்க வேண்டியது நான். ஆகவே கூட்டம் முடிந்ததும் தவறிய போன்களைப் பார்த்து, அன்றைக்கே திரும்பக் கூப்பிடுவது என்று வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

போனைக் கேளுங்கள், தப்பில்லை. கேட்ட பிறகு வயலைக் கேளுங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது செல்போன் திரையில் தெரியும் சுரைக்காய்க்கும் பொருந்தும்.

கார் அறுப்பானாலும் பிசான நடவானாலும் எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, இந்த அளவில் என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.